சேறு கிளப்பும் மீனும் பூட்டி வைத்த வைரஸும்

அழையா விருந்தாளிகள் – 14

1995 அக்டோபரில் முயல்களைக் கொல்லும் வைரஸ் ஆஸ்திரேலியாவின் வார்டாங் தீவிலிருந்து தப்பிக் கரையேறியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அதே ஆண்டின் தொடக்கத்தில் டாஸ்மேனியாவின் நடு மேட்டுநிலத்தில் இருக்கும் கிரசென்ட் ஏரியில் ஒரு கெண்டை மீன் கண்ணில் பட்டது. மீன்வளத் துறை ஏரியைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டது. ஏரியிலிருந்து வெளியேறும் தண்ணீர் வழியில், குஞ்சுகூட நழுவாதபடி வலைத் தடுப்புகள் போடப்பட்டன. பக்கத்தில் இருந்த சோரல் ஏரிக்கும் அதே கதி.

நமக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஏரியில் கெண்டை விழுந்தால் நாம் குழம்புக்குப் புளி கரைப்போம். ஏரியை இழுத்து மூடுவோமா? ஆனால் டாஸ்மேனியாக்காரர்கள் கடலுக்கு வடக்கே, பெருநிலத்தில் நடந்ததை முப்பது வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

பெருநிலத்தின் உயிர்நாடி மர்ரே-டார்லிங் படுகை. பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டைப் போல எட்டு மடங்கு. இந்த ஆறுகளின் அரசன் மர்ரே காட் என்ற மீன். நூறு கிலோவுக்கு மேல் வளர்ந்தவை பிடிபட்டிருக்கின்றன. மர்ரேயின் முகத்துவாரத்தில் வாழும் ஙரிஞ்செரி பூர்வகுடிகளின் கதைப்படி, ஙுருண்டேரி என்ற மூதாதை பொண்டே எனும் ராட்சத காட் மீனைத் துரத்திக்கொண்டு வந்தான். அது தப்பி ஓடியபோது வால் அடித்த அடியில்தான் மர்ரே ஆற்றின் வளைவுகள் எல்லாம் உண்டாயின. அந்த ஆற்றில் இன்று சில பகுதிகளில் உள்ள மீன்களின் மொத்த எடையில் 80 முதல் 90 சதவீதம் கெண்டை.

கெண்டை ஆஸ்திரேலியாவுக்கு வந்தது நேற்றல்ல. ஐரோப்பாவின் பறவை, விலங்கு, செடி எதையாவது கப்பலில் ஏற்றிவந்து புது மண்ணில் விடுவதைப் பெருந்தொண்டாகக் கருதிய 1850, 60களிலேயே அதுவும் வந்துவிட்டது. தாமஸ் ஆஸ்டின் முயல்களை விட்டதும் அந்தக் காலம்தான். ஆனால் முயலைப் போல கெண்டை உடனே பெருகிவிடவில்லை. சிட்னி பக்கத்தில் கொஞ்சம், முர்ரம்பிட்ஜி பாசனக் கால்வாய்களில் கொஞ்சம் என்று நூறு ஆண்டுகள் அடக்கமாகவே இருந்தது.

நிலைமையை மாற்றியது, விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாண்ட் பகுதியில் இருக்கும் பூலாரா என்ற சிற்றூரின் மீன் பண்ணை ஒன்று. 1960 வாக்கில் அங்கே ஜெர்மானிய வம்சாவளிக் கெண்டை வளர்க்கப்பட்டது. முரட்டு ரகம்; எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும். விவசாயிகள் தங்கள் பண்ணைக் குட்டைகளில் விட ஆசையாகக் குஞ்சு வாங்கிப் போனார்கள். ஆபத்தை அரசு தாமதமாகத்தான் உணர்ந்தது. கெண்டை வளர்க்கத் தடை வந்தது. குட்டை குட்டையாகத் தேடிப்போய் ரோட்டினோன் நஞ்சைக் கலந்தார்கள். நஞ்சுக்குத் தப்பியவை வேறெங்கோ இருந்தன. 1964இல் மில்டுரா நகரத்துக்கு அருகே ஹாதார்ன் ஏரிக்கு அந்த ரகம் வந்து சேர்ந்தது. அங்கிருந்து மர்ரே ஆறு கூப்பிடு தூரம்.

1974, 75இல் பெருவெள்ளம். ஆறுகள் கரை புரண்டு, காய்ந்து கிடந்த வெள்ளச் சமவெளிகள் எல்லாம் கடலாக விரிந்தன. உள்ளூர் மீன்களுக்கும் அது முட்டையிடும் பருவம்தான். ஆனால் நன்கு வளர்ந்த பெண் கெண்டை ஒன்று ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். வெள்ளம் வடிந்தபோது ஆறு கெண்டையின் கையில் இருந்தது.

அது சாப்பிடும் விதத்தைப் பார்த்தால்தான் தொல்லை புரியும். வாயோரம் இரண்டு ஜோடி மீசை. உதடுகள் குழாய்போல முன்னால் நீளும். அடிச்சேற்றில் வாயைப் புதைத்து ஒரு வாய் சேற்றை உறிஞ்சும். புழு, நத்தை, விதை எல்லாவற்றையும் உள்ளே சலித்து வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பும். நாள் முழுக்க இதே வேலை. ஆயிரக்கணக்கான வாய்கள் சேர்ந்து செய்தால் தண்ணீர் கலங்கிக்கொண்டே இருக்கும். கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காது. நீர்த்தாவரங்கள் வேரோடு மிதந்து வரும். கண்ணால் பார்த்து வேட்டையாடும் உள்ளூர் மீன்கள் பட்டினி கிடக்கும். ஆக்சிஜன் குறைந்து மற்ற மீன்கள் திணறும்போது கெண்டை மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கிச் சமாளித்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மர்ரே-டார்லிங் படுகையின் உள்ளூர் மீன்வளம் வெள்ளையர் வருவதற்கு முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது என்று 2003இல் படுகை ஆணையம் மதிப்பிட்டது. பழி முழுவதையும் கெண்டையின் தலையில் கட்டுவது ஆஸ்திரேலிய அரசியல்வாதிகளுக்கு வசதி. கெண்டை மர்ரேயில் நுழைவதற்கு முப்பது வருடங்கள் முன்பே ஹியூம் அணை கட்டியாகிவிட்டது. அணையின் அடிமதகிலிருந்து வரும் குளிர்ந்த நீரில் காட் மீன் முட்டையிடாது. பருத்திக்கும் நெல்லுக்கும் தண்ணீர் உறிஞ்சப்பட்டது. ஆற்றின் ஏற்ற இறக்கம் போய், கால்வாய்போல ஒரே மட்டத்தில் ஓடும் நீர் வந்தது. அந்த மாதிரித் தண்ணீர்தான் கெண்டைக்குப் பிடித்தது. ஆற்றை நாசம் செய்தவர்கள் கதவைத் திறந்து வைத்தார்கள். கெண்டை உள்ளே வந்தது. இரண்டில் எதை முதலில் சரிசெய்வது என்ற கேள்விக்கு, வாக்கு இல்லாத மீனைக் கை காட்டுவது எளிது.

எப்படியெல்லாமோ போராடிப் பார்த்தார்கள். கெண்டை பிடிக்கும் போட்டிகளை ஊர் ஊராகத் திருவிழாபோல நடத்தினார்கள். டெனிலிக்வின் நகரத்தில் கெண்டையை அரைத்துத் திரவ உரமாக்கி ‘சார்லி கார்ப்’ என்று பெயரிட்டு விற்றார்கள். தடுப்பணைகளின் மீன் ஏணிகளில் வில்லியம்ஸ் கூண்டு என்ற பொறி வைத்தார்கள். அடைபட்டால் கெண்டை துள்ளித் தாண்டும், உள்ளூர் மீன் துள்ளாது என்ற ஒரே வித்தியாசத்தை நம்பிச் செய்த பொறி அது. துள்ளிய மீன் அடுத்த அறையில் விழுந்து மாட்டிக்கொள்ளும். துள்ளாதது தன் வழியே போகும். மரபணுவில் கைவைத்து ஆண் குஞ்சுகளை மட்டுமே பெறும் கெண்டையை உருவாக்கலாமா என்று ஹோபார்ட்டில் விஞ்ஞானிகள் முயன்றார்கள்.

வென்று காட்டியது கிரசென்ட் ஏரி. அங்கே ஆண் கெண்டைகளைப் பிடித்து, உடலுக்குள் ரேடியோ கருவி பொருத்தித் திரும்ப ஏரியிலேயே விட்டார்கள். யூதாஸ் மீன்கள் என்று பெயர். முட்டையிடும் பருவத்தில் அவை மந்தையைத் தேடிப் போகும். சமிக்ஞையைத் தொடர்ந்து படகும் வலையும் பின்னால் போகும். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களைப் பிடித்து முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. சிறிய, மூடிய ஏரி என்பதால் நடந்தது. ஆஸ்திரேலிய ஆறுகளில் இருப்பவையோ சராசரி ஆண்டில் இருபது கோடி, மழை நன்றாகப் பெய்தால் முப்பத்தைந்து கோடி என்கிறது பின்னாளைய கணக்கு. யூதாஸ்கள் போதமாட்டார்கள்.

கெண்டையைக் கொல்லும் வைரஸ் வந்தது வேறு திசையிலிருந்து. 1998இல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் கோய் எனப்படும் அலங்காரக் கெண்டைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கோய் வளர்ப்பது பணக்காரப் பொழுதுபோக்கு. கண்காட்சிகளில் பல ஊர் மீன்களை ஒரே தொட்டியில் விட்டுப் பரிசு கொடுப்பார்கள். நோய்க்கு இதைவிட நல்ல சந்தை கிடைக்குமா? 2002இல் அது கிழக்கு ஜாவாவின் பிளிட்டார் பகுதிக்குப் போய் இந்தோனேசிய மீன் விவசாயிகளின் வயிற்றில் அடித்தது. 2003 அக்டோபரில் ஜப்பானின் கசுமிகவுரா ஏரியில் கூண்டுக் கெண்டைகள் செத்து மிதந்தன. அடுத்த ஆண்டு பிவா ஏரியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுக் கெண்டைகள் மடிந்தன.

கொன்றது ஒரு ஹெர்பிஸ் வைரஸ். நமக்கு உதட்டில் கொப்புளம் தரும் ஹெர்பிஸுக்குத் தூரத்து உறவு. தோலிலும் செவுளிலும் நுழைகிறது. கண்கள் உள்ளே போகும். உடலில் வெளிறிய திட்டுகள். வழுவழுப்பு அளவுக்கு மீறிச் சுரந்து பிறகு வறண்டு, தோல் சொரசொரவென்று ஆகிவிடும். செவுள் அழுகும். அறிகுறி தெரிந்த ஒன்றிரண்டு நாளில் மீன் செத்துவிடும். இதுவரை இந்த வைரஸைச் சந்திக்காத கூட்டம் என்றால் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் போய்விடும்.

உலகமே இந்த நோயை உள்ளே விடாமல் தடுக்கப் பார்த்தபோது, அதை விரும்பி அழைக்கலாமா என்று யோசித்த நாடு ஆஸ்திரேலியா. அந்த யோசனை வானத்திலிருந்து விழவில்லை. முயல் கதையில் மில்டுராவைப் பார்த்தது நினைவிருக்கும். 1950 கடைசியில் மர்ரே கரையிலிருந்து மிக்ஸோமா வைரஸ் கொசு வழியாகப் பரவி முயல்களைக் கோடிக்கணக்கில் வீழ்த்தியது. அதே கோடையில் மில்டுரா வட்டாரத்தில் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. முயல் வைரஸ்தான் காரணம் என்று ஊர் கொந்தளித்தது. அதை மறுக்க ஃபிராங்க் ஃபென்னர், மக்ஃபார்லேன் பர்னெட், இயன் குளூனிஸ் ராஸ் என்ற விஞ்ஞானிகள் மூவரும் அந்த வைரஸைத் தங்கள் உடம்பிலேயே ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. நாடாளுமன்றத்தில் அமைச்சர் கேசி எழுந்து இதை அறிவித்தார். அந்த மூவரின் கைத்தழும்பில் ஆஸ்திரேலியாவின் நம்பிக்கை பிறந்தது: வைரஸால் முடியும்.

ஜீலாங் நகரத்தில் நாட்டின் விலங்கு நோய் ஆய்வகம் இருக்கிறது. உள்ளே போகும் காற்று வடிகட்டாமல் வெளியே வராது. கழிவுநீரைக் கொதிக்க வைத்த பின்தான் விடுவார்கள். 2000களின் பிற்பகுதியில் அங்கே கென் மெக்கால் தலைமையில் மீன் ஹெர்பிஸின் இந்தோனேசிய ரகத்தைச் சோதித்தார்கள். பதிமூன்று வகை உள்ளூர் மீன்கள், தவளை, ஆமை, நீர் ஓணான், கோழி, எலி, நன்னீர் இறால் இனமான யாபி என்று வரிசையாக வைரஸைக் காட்டிப் பார்த்தார்கள். கெண்டையைத் தவிர வேறு எதிலும் அது பெருகவில்லை என்பது அவர்கள் முடிவு.

2016 மே மாதம் துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸ் நாடாளுமன்றத்தில் கெண்டையை வசைபாடி, முகம் சிவக்க ஒரு பேச்சுப் பேசினார். அது உலகம் முழுக்கச் சுற்றியது. ஒன்றரைக் கோடி டாலர் ஒதுக்கி, தேசியக் கெண்டைக் கட்டுப்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2018 முடிவுக்குள் வைரஸை விடலாம் என்று பேச்சு. மீனுக்கு ஹெர்பிஸ் என்றதும் நகைச்சுவையாளர்களுக்குக் கொண்டாட்டம். சிரிப்பு அடங்கியதும் கேள்விகள் எழுந்தன.

முதல் கேள்வி, பிணம். முயல் தரையில் செத்தது. காக்கையும் நரியும் தின்றன, மிச்சம் காய்ந்துபோனது. மீன் சாவது தண்ணீருக்குள். அடிலெய்டு நகரம் குடிப்பது அந்தத் தண்ணீரை. சராசரி ஆண்டில் படுகையிலும் மற்ற ஆறுகளிலுமாகக் கெண்டையின் எடை சுமார் இரண்டு லட்சம் டன். வெள்ள ஆண்டில் மூன்றரை லட்சம் டன்னைத் தாண்டக்கூடும். செத்த கெண்டை முதலில் மூழ்கும், பிறகு வயிறு உப்பி மிதக்கும். அழுகல் ஆக்சிஜனை உறிஞ்சினால் நீர் கறுக்கும், மிஞ்சிய காட் மீனும் சாகும். நீலப்பச்சைப் பாசி படரும். அழுகிய மீன்களில் வளரும் நச்சு நீர்ப்பறவைகளையும் கொல்லலாம். படகு போகும் இடத்தில் அள்ளலாம். நாணல் மண்டிய சதுப்பில் யார் இறங்குவார்கள்?

அடுத்தது, வைரஸின் சொந்தப் பலவீனம். ஏறக்குறைய 18 முதல் 28 டிகிரி வெப்பத்தில்தான் அதற்கு வேகம். பெல்ஜியத்தின் லீஜ் பல்கலைக்கழகத்தில் அலென் வாண்டர்பிளாஸ்ஷன் குழுவினர் 24, 28, 32 டிகிரியில் மூன்று அறைகள் உள்ள தொட்டியில் நோய்பட்ட கெண்டைகளை விட்டார்கள். மீன்கள் சூடான அறைக்கு இடம் மாறின. அங்கே இருந்து பிழைத்துக்கொண்டன. தானாகக் காய்ச்சல் வரவழைத்துக்கொள்ள முடியாத உயிரினம், காய்ச்சல் இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறது! 2017இல் வெளியான அந்த ஆய்வில் இன்னொரு திருப்பமும் உண்டு: மீன் சூட்டைத் தேடிப் போவதைத் தாமதப்படுத்த வைரஸும் ஒரு புரதத்தைக் கைவசம் வைத்திருக்கிறது. வெயில் காயும் ஆஸ்திரேலிய ஆழமற்ற நீர்நிலைகளில் இந்தக் கண்ணாமூச்சியில் யார் ஜெயிப்பார்கள் என்று ஆய்வக மேசையில் உட்கார்ந்து சொல்ல முடியாது. பிழைத்த மீனுக்குள் ஹெர்பிஸ் ஒளிந்தும் கிடக்கும். தங்கமீனோடு கலந்து பிறந்த கலப்பினக் கெண்டைகளை வைரஸ் அவ்வளவாகத் தாக்குவதும் இல்லை.

மூன்றாவது கேள்வி வெளியிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2017இல் எச்சரித்தார்கள்: உலகில் ஆண்டுக்கு நாற்பது லட்சம் டன் சாதாக் கெண்டை பண்ணைகளில் விளைகிறது, அது ஏழைகளின் மீன், ஒரு கண்டம் முழுக்க வைரஸைப் பெருக்கினால் அது புது வடிவம் எடுத்து வேறெங்கும் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? அந்தப் பட்டியலில் நாமும் இருக்கிறோம். இந்தியாவுக்கு இந்த மீனே அழைத்து வரப்பட்டதுதான். 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டி ஏரிக்குக் கண்ணாடிக் கெண்டை வந்தது; 1957இல் பாங்காக் ரகம் வந்தது. கட்லா, ரோகு, மிர்காலோடு சேர்த்துக் குளத்தில் விடும் சாதாக் கெண்டை அந்த வழியில் வந்ததுதான். ஊட்டியில் விருந்தாளி, மில்டுராவில் விரோதி.

திட்டக்குழு 2020 தொடக்கத்தில் அறிக்கையை அரசிடம் கொடுத்தது. அதில் வீரவசனம் இல்லை. வைரஸை விட்டால் கெண்டை 40 முதல் 60 சதவீதம் வரை குறையலாம், அந்த அளவில் சில ஆண்டுகள் அடக்கி வைக்கலாம் என்று கணினி மாதிரிகள் காட்டின. முதல் தாக்குதலில் 99 சதவீதத்துக்கு மேல் கொன்ற மிக்ஸோமா எங்கே, இது எங்கே! பத்து லட்சம் முட்டையிடும் மீனில் பாதியைக் கொல்வது, மற்றப் பாதிக்கு இடம் காலி செய்து கொடுப்பதாகவும் முடியலாம். வைரஸோடு வேறு முறைகளையும் சேர்த்துத் தொடர்ந்து அடித்தால்தான் பலன் என்று அறிக்கை ஒப்புக்கொண்டது. முயலுக்குக் கிடைத்த மாதிரி ஒரே அடி கிடைக்கும் என்று நம்பியவர்களுக்கு இது ஏமாற்றம். எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்த பகுதியே இதுதான்: பெரிய வாக்குறுதியோடு தொடங்கி, கணக்குப் போட்டுப் பார்த்து, தன் வாக்குறுதியைத் தானே குறைத்துக்கொண்டது.

அறிக்கை பொதுவெளிக்கு வந்தது 2022 நவம்பரில். அப்போது மர்ரே-டார்லிங்கில் மறுபடி பெருவெள்ளம். 1974ஐப் போலவே கெண்டைகள் சமவெளியெங்கும் முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

நான்கு மாதம் கழித்து, 2023 மார்ச்சில், டார்லிங் கரையில் மெனின்டீ என்ற சின்ன ஊர் துர்நாற்றத்தில் விழித்தது. 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் அங்கே பத்து லட்சம் மீன்கள் செத்திருந்தன. முதிர்ந்த காட் மீனின் பிணத்தைக் கையில் ஏந்தி நின்ற இருவரின் காணொளி நாட்டையே உலுக்கியது. இம்முறை இரண்டு முதல் மூன்று கோடி மீன்கள். வெள்ளம் வடிந்து, வெப்பம் ஏறி, தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனது. செத்தவற்றில் பெரும்பான்மை போனி பிரீம் என்ற உள்ளூர் மீன், கெண்டையும் இருந்தது. வெள்ளி விரித்ததுபோல ஆறு மறைந்து கிடந்தது. ஒப்பந்தக்காரர்கள் படகில் வலை கட்டி மீன்களைக் கரைக்கு இழுத்தார்கள். எல்லாவற்றையும் அள்ள முடியவில்லை. குடிக்கவும் குளிக்கவும் வேறு தண்ணீர் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. ஒரு வைரஸும் இல்லாமல், ஓர் ஊரில், ஒரு வாரத்தில் இவ்வளவு.

இதை எழுதும்வரை வைரஸ் விடப்படவில்லை. அரசு இன்னும் ஆய்வு தேவை என்கிறது. விடுவதென்றால் எல்லா மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். சுற்றுச்சூழல் சட்டத்தின் ஒப்புதல் வேண்டும். பூச்சிமருந்துகளைப் பதிவு செய்யும் ஆணையத்திடமும் அனுமதி வாங்க வேண்டும், ஏனென்றால் காகிதத்தில் இந்த வைரஸ் ஒரு கொல்லி மருந்து.

அடுத்த வாரம்: ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் வாளி வாளியாக ஊற்றப்பட்ட நைல் பெர்ச்.